பிதுரார்ஜிதமும் ராஜபக்தியும்

பாகப்பிரிவினை வழக்கில் தலைமுறை தலைமுறையாக அலைந்த குடும்பங்களை அறிந்தவர்களுக்கு, ஷேக்ஸ்பியரின் ‘இரண்டாம் ரிச்சர்டு’ என்னும் சரித்திர நாடகத்தை விளங்கவைக்க அதிகப் பிரயாசை வேண்டியதில்லை. பாட்டனார் ஒருவர், அவருக்குப் புதல்வர் பலர், மூத்த புதல்வர் தகப்பனாருக்கு முன்பே காலஞ்சென்றுவிட, அவர் பெற்ற பாலகனுக்குப் பட்டம் போய்ச் சேருகிறது, சிற்றப்பன்மாரும் அவர்கள் பெற்ற பங்காளிகளும் சுற்றிலும் நிற்கிறார்கள். 1377-இல் மூன்றாம் எட்வர்டு காலமானபோது இங்கிலாந்தின் மணிமுடி 10 வயது ரிச்சர்டின் தலையில் ஏறிய கதை இவ்வளவுதான். அந்தப் பாலகன் வளர்ந்து, 32 வயதில் முடியை இழந்து, அடுத்த ஆண்டே சிறையில் மாண்ட விருத்தாந்தத்தை ஷேக்ஸ்பியர் ஏறத்தாழ 1595-இல் நாடகமாக்கினார். யுத்தகளக் காட்சி ஒன்றுகூட இல்லாத சரித்திர நாடகம் அது. அதில் மோதுபவை வாதங்களே. தகப்பன் சொத்து மகனுக்கு என்னும் நியாயமும், அரசன் ஆணைக்குப் பிரஜை கட்டுப்பட்டவன் என்னும் நியாயமும், ஒரே வம்சத்து மனிதர்களின் வாய்களிலிருந்து புறப்பட்டு ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன.

இந்த மோதலின் முதல் ஒலியை ஒரு விதவையின் வாயிலாகக் கேட்கிறோம். ரிச்சர்டின் கடைசிச் சிற்றப்பனான குளோஸ்டர் கோமகன் 1397-இல் காலே நகரத்துக் காவலில் இருந்தபோது மர்மமான முறையில் இறந்தார். அரசரே ஆள்வைத்து முடித்துவிட்டார் என்பது நாடறிந்த வதந்தி. நாடகத்தின் இரண்டாம் காட்சியில், கொலையுண்டவரின் மனைவி தன் மைத்துனரும் லங்காஸ்டர் கோமகனுமான கான்ட் ஜானிடம் வந்து, ஒரே இரத்தத்தில் பிறந்த சகோதரனின் சாவுக்குப் பழிவாங்காமல் இருப்பது பொறுமையன்று, கோழைத்தனம் என்று மன்றாடுகிறாள். கிழவரான கான்ட் மறுத்துவிடுகிறார். குற்றவாளி ஆண்டவனின் பிரதிநிதியாக அபிஷேகம் பெற்றவன். அவனைத் தண்டிப்பதும் ஆண்டவன் பொறுப்பு. பிரஜையின் கை அதற்கு உயரலாகாது என்பது அவர் கட்சி. இது கிழவர் தாமாகக் கண்டுபிடித்த வாதமன்று. 1569-இல் வடநாட்டுப் பிரபுக்கள் எலிசபெத் ராணிக்கு எதிராகக் கலகம் செய்து தோற்றபின், கலகம் எவ்வளவு கொடிய பாவம் என்பதை விரித்துரைக்கும் நீண்ட உபதேசம் ஒன்று 1570-இல் வெளியிடப்பட்டுத் தேவாலயங்களில் வாசிக்கப்பட்டு வந்தது. சிறுவயதில் அதைக் கோயில் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுச் சலித்தவர்களே பிற்பாடு நாடகக் கொட்டகையிலும் நின்றார்கள். அவர்களுக்குக் கான்டின் விடை மனப்பாடம். விதவையின் கேள்விதான் புதியது.

அதே கான்டுக்கு அடுத்த சோதனை தம் சொந்த மகனாலேயே வருகிறது. குளோஸ்டரின் சாவை முன்னிட்டு, கான்டின் மகன் ஹென்றி பாலிங்புரோக்கும் நார்போக் கோமகன் மவ்ப்ரேயும் ஒருவரையொருவர் ராஜத்துரோகி என்று குற்றஞ்சாட்ட, வழக்கைத் துவந்த யுத்தத்தால் தீர்ப்பதென்று முடிவாயிற்று. 1398-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் காவென்ட்ரி நகரத்தில் களம் அமைத்து, இருவரும் ஈட்டி ஏந்திப் பாய நின்ற கணத்தில், அரசர் தம் கைக்கோலைக் கீழே எறிந்து சண்டையை நிறுத்தி இருவரையும் தேசப்பிரஷ்டம் செய்துவிட்டார்: மவ்ப்ரேக்கு ஆயுள் பரியந்தம், பாலிங்புரோக்குக்கு 10 ஆண்டு, அதுவும் தகப்பனாரின் கண்ணீரைக் கண்டு 6 ஆண்டாகக் குறைந்தது. இந்தத் தீர்ப்புக்கு ஆலோசனைச் சபையில் கான்டும் சம்மதம் கொடுத்திருந்தார் என்று நாடகாசிரியர் அமைத்திருப்பது கவனிக்கத்தக்கது. நீதிபதியாகக் கேட்டதால் நீதிபதியாகச் சொன்னேன், தகப்பனாகக் கேட்டிருந்தால் வேறு சொல்லியிருப்பேன் என்று கிழவர் புலம்புகிறார். ராஜபக்தி தன் வீட்டு வாசலுக்கே வந்து கூலி கேட்டபோது அதைக் கொடுத்தவர் அவர்; கொடுத்த துக்கமே அவரைக் கொன்றது.

1399 பிப்ரவரி 3-ஆம் நாள் கான்ட் லெஸ்டர் கோட்டையில் உயிர் நீத்தார். நாடகம் அவருடைய மரணப்படுக்கையை லண்டனுக்குக் கொண்டுவந்து போடுகிறது. அந்தப் படுக்கையிலிருந்து அவர் அரசர்மீது வீசும் குற்றச்சாட்டு, நில விவகாரம் தெரிந்த எவருக்கும் சுருக்கென்று தைக்கும். நாட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டாய், நீ இப்போது ராஜா அல்ல, குத்தகை வசூலிக்கும் நிலக்காரன் என்பது அதன் சாரம். வைது முடித்த அவர் உள்ளே தூக்கிச் செல்லப்பட்டு இறந்த செய்தி வந்ததுதான் தாமதம், ரிச்சர்டு இரங்கல் வார்த்தை ஒன்றை ஒப்புக்கு உதிர்த்துவிட்டு, அயர்லாந்துப் படையெடுப்புச் செலவுக்காக அவருடைய வெள்ளிப் பாத்திரம், ரொக்கம், வருமானம், ஸ்தாவர ஜங்கமம் அனைத்தையும் எடுத்துக்கொள்வதாக அறிவிக்கிறார். பிணம் இன்னும் அடுத்த அறையில் கிடக்கிறது.

இந்தப் பறிமுதலின் கொடுமையை உணர, அக்காலத்து நிலச்சட்டத்தைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். அரசரிடமிருந்து நேரே நிலம் பெற்ற பெரும் பிரபு இறந்தால், நிலம் முதலில் அரசர் கைக்குத் திரும்பும். வாரிசானவன் அரசர் முன் மண்டியிட்டு விசுவாசப் பிரமாணம் செய்து, உரிய தொகையைச் செலுத்தியபின் அது அவன் வசமாகும். ஆகவே சொத்தைப் பெறும் சடங்கும் ராஜபக்தியைக் காட்டும் சடங்கும் ஒன்றேதான். தேசப்பிரஷ்டனான பாலிங்புரோக் நேரில் வந்து மண்டியிட முடியாதென்பதால், தகப்பனார் காலமானால் முகவர்கள் மூலம் சொத்தைக் கோரிப் பெறலாம், பிரமாணத்தைப் பிற்பாடு செய்யலாம் என்று அரசரே முத்திரையிட்டுச் சாசனம் கொடுத்திருந்தார். கொடுத்த சாசனத்தை 1399 மார்ச்சு 18-ஆம் நாள் ரத்துச் செய்து, 6 ஆண்டுப் பிரஷ்டத்தையும் ஆயுள் பிரஷ்டமாக்கினார். மண்டியிட வழியும் அடைத்து, மண்டியிடவில்லை என்று சொத்தையும் பறித்த செயல் இது.

இந்த இடத்தில்தான் யார்க் கோமகன் எட்மண்டு பேசுகிறார். மூன்றாம் எட்வர்டின் புதல்வர்களில் மிச்சமிருப்பவர் அவர் ஒருவரே. ரிச்சர்டுக்கும் பாலிங்புரோக்குக்கும் ஒருசேரச் சிறிய தகப்பனார். யாரோடும் விரோதம் வேண்டாமென்று ஒதுங்கியே காலந்தள்ளியவர். அரங்கில் நடிக்கும்போது அவரைப் பலர் சிரிப்புக்குரிய கிழவராக ஆக்கிவிடுகிறார்கள். எனக்கோ நாடகம் முழுவதிலும் மிகச்சிறந்த வாதத்தைக் கவிஞர் அவர் வாயில்தான் வைத்திருக்கிறார் என்று படுகிறது. தகப்பனுக்குப் பின் மகன் என்னும் முறை காலத்தோடு பிணைந்த முறை. ரிச்சர்டை அரசராக்கியது எந்தப் போர் வெற்றியும் அன்று, எவருடைய தேர்வும் அன்று, அந்த முறை ஒன்றேதான். பங்காளியின் சொத்தில் அந்த முறை செல்லாதென்றால் சிம்மாசனத்தில் மட்டும் அது எப்படிச் செல்லும் என்று அவர் கேட்கிறார். லங்காஸ்டரின் நிலத்தைப் பறிக்கும் கை தன் சொந்தப் பட்டயத்தையே கிழிக்கிறது என்பதை ஒரு வழக்கறிஞனின் தெளிவோடும் ஒரு சிற்றப்பனின் கண்ணீரோடும் சேர்த்துச் சொன்னவர் அவர். இதைக் கலகக்காரன் எவனும் சொல்லவில்லை, அரசரின் நன்மையை விரும்பிய ராஜபக்தர் சொன்னார் என்பதில்தான் அதன் கனம் இருக்கிறது. ரிச்சர்டு காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாளே அயர்லாந்துக்குப் புறப்படுவதாகச் சொல்லி, தாம் திரும்பும்வரை நாட்டைக் காக்கும் ராஜப்பிரதிநிதியாக அதே கிழவரை நியமித்துவிட்டுப் போகிறார்.

கைவிட்டுப்போன பிதுரார்ஜிதத்தைப் பற்றி இவ்வளவு உணர்ந்து எழுதியவருக்கு அது புத்தகத்தில் மட்டும் படித்த விஷயமன்று. ஷேக்ஸ்பியரின் தாய்வழியில் வந்த வில்ம்கோட் நிலத்தை அவர் தகப்பனார் 1578-இல் 40 பவுனுக்கு நெருங்கிய உறவினர் ஒருவரிடமே அடமானம் வைத்தார். அதை மீட்க 1588-இல் ஒரு வழக்கும் 1597-இல் இன்னொரு வழக்கும் நடந்தன. முந்தைய வழக்கில் வில்லியத்தின் பெயரும் இருக்கிறது. நிலம் திரும்பவே இல்லை. யார்க்கின் வசனத்தை இதிலிருந்து பிறப்பித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அதைக் கேட்டுத் தலையசைத்த கூட்டத்தில் சட்டக்கல்வி மாணவர்களும் நிலவுடைமைக்காரர்களும் வழக்கில் தோற்றவர்களும் நிறைந்திருந்தார்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

அடுத்த வாதி பாலிங்புரோக். இங்கே நாடகத்தின் நாழிகைக் கணக்கில் விசித்திரம் ஒன்று உண்டு. சரித்திரத்தில் பறிமுதலுக்கும் அவர் கரையிறங்கியதற்கும் இடையே மூன்று மாதத்துக்கு மேல் கழிந்திருக்கிறது. நாடகத்திலோ, அரசர் சொத்தைப் பறித்துவிட்டு வெளியேறிய அதே காட்சியில், பாலிங்புரோக் கப்பல்களோடும் படையோடும் பிரான்சை விட்டுப் புறப்பட்டுவிட்டார் என்று நார்தம்பர்லாந்துப் பிரபு தோழர்களிடம் குசுகுசுக்கிறார். அப்படியானால் சொத்துப் போன செய்தி அவர் காதை எட்டுமுன்பே பாய் விரித்துவிட்டதா? காலத்தைச் சுருக்கியதால் நேர்ந்த கவனக்குறைவு என்பார் உளர். வேண்டுமென்றே வைத்த முள் என்றே நான் கருதுகிறேன். ஏனெனில் அதற்குப் பின் அவர் பேசும் ஒவ்வொரு நியாயமான சொல்லின் அடியிலும் அந்தச் சந்தேகம் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நியாயமாகப் பேசத்தான் பேசுகிறார். ஹம்பர் ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள ராவென்ஸ்பர் துறையில் 1399 ஜூலைத் தொடக்கத்தில் இறங்கி, வழிநெடுகப் பிரபுக்களைச் சேர்த்துக்கொண்டு, பார்க்லி கோட்டைப் பக்கம் வந்து சேர்ந்தபோது, ராஜப்பிரதிநிதியான யார்க் அவரை எதிர்கொள்கிறார். அண்ணன் மகன் மண்டியிடுகிறார்; முழங்கால் மடங்குகிறதே ஒழிய மனம் மடங்கவில்லை என்று கிழவர் சீறுகிறார். அதற்குப் பாலிங்புரோக் சொல்லும் விடை, யார்க் அரசரிடம் சொன்ன வாதமேதான். பிரஷ்டம் செய்யப்பட்டவன் ஹெரிபோர்டு கோமகன், திரும்பி வந்திருப்பவனோ லங்காஸ்டர் கோமகன் என்று பெயரை வைத்து ஒரு சாமர்த்தியம். என் பங்காளி முறைப்படி அரசனானால் நானும் முறைப்படி லங்காஸ்டராகத்தான் வேண்டும் என்று ஒரு தர்க்கம். உமக்கும் மகன் இருக்கிறான், அவன் இப்படித் தெருவில் நின்றால் என் தகப்பனார் சும்மா இருந்திருப்பாரா என்று ஒரு தாக்கு. மரணவீட்டில் யார்க் பேசியபோது இவர் அங்கே இல்லை. ஆயினும் அந்த வார்த்தைகள் கடலைச் சுற்றிக்கொண்டு ஆயுதபாணியாகத் திரும்பி வந்து, பேசிய கிழவரையே மடக்குகின்றன. யார்க்கின் தர்மசங்கடம் பரிதாபகரமானது. உரிமை உனக்கு உண்டு, அதைப் பெறும் வழி இதுவன்று என்கிறார். ஆனால் கையில் படையில்லை. நடுநிலை வகிப்பதாகச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் கோட்டைக்குள் வந்து இரவு தங்குங்கள் என்று உபசாரமும் செய்கிறார்.

தம் சொத்தைத் தவிர வேறொன்றும் வேண்டாமென்று பாலிங்புரோக் டான்காஸ்டரில் பிரமாணம் செய்தார் என்பது பிற்பாடு அவரோடு முறிந்த நார்தம்பர்லாந்துப் பிரபுவின் பெர்சி குடும்பத்தார் தொடுத்த குற்றச்சாட்டு. ஆனால் அவர் சொத்தோடு நிற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் ரிச்சர்டின் முடிதுறப்புச் செய்தி வாசிக்கப்பட்டு, அவர்மேல் 33 குற்றங்கள் அடுக்கப்பட்டு, காலியான சிம்மாசனத்தின் முன் பாலிங்புரோக் எழுந்து நின்று ஆங்கிலத்தில் அதற்கு உரிமை கோரினார். மூன்றாம் ஹென்றியின் நேர் வம்சம், ஆண்டவன் அருள், நண்பர்கள் துணை, சீரழிந்த நாட்டை மீட்கும் அவசியம் என்று காரணங்கள் பல சேர்ந்தே வந்தன. பல காரணம் சொல்லவேண்டி வந்ததே பலவீனத்தின் அடையாளம். கான்டுக்கு மூத்த சகோதரரான லியோனலின் மகள் வழியில் வந்த எட்மண்டு மார்ட்டிமர் என்னும் 7 வயதுச் சிறுவன் அப்போது உயிரோடு இருந்தான். யார்க் சொன்ன முறையை மூத்தவர் வழிக்கே முதலுரிமை என்று கடைசிவரை நூல்பிடித்தால், முடி அவனுக்குத்தான் போகவேண்டும். இந்த நாடகத்தில் ஷேக்ஸ்பியர் அவன் பெயரையே எடுக்கவில்லை. இங்கே எதிர்ப்புக் குரல் கார்லைல் பிஷப் ஒருவருடையதே: பிரஜை அரசனுக்குத் தீர்ப்புச் சொல்வதெப்படி, இதற்கு இந்த மண் தலைமுறைக் கணக்கில் இரத்தம் சிந்தும் என்று அவர் எச்சரித்து முடிக்குமுன் கைதாகிறார்.

இந்த மண்டபக் காட்சி அச்சுக்கு வர வெகுகாலம் பிடித்தது. நாடகம் 1597-இலும், 1598-இல் இருமுறையும் புத்தகமாக வந்தபோது, ரிச்சர்டு முடிதுறக்கும் பகுதி அவற்றில் இல்லை. 1608-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் முதன்முதலாகக் காணப்படுகிறது. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. எலிசபெத் ராணிக்குப் பிள்ளையில்லை, வாரிசு யாரென்று அவர் அறிவிக்கவுமில்லை; அந்த விஷயத்தைப் பிடிவாதமாகக் கிளப்பிய பாராளுமன்ற உறுப்பினர் பீட்டர் வென்ட்வொர்த் லண்டன் கோபுரச் சிறையிலேயே 1597-இல் உயிர்விட்டார். 1601 பிப்ரவரியில் எஸெக்ஸ் பிரபுவின் ஆட்கள், வழக்கமான வசூலுக்குமேல் 40 ஷில்லிங் தருவதாகச் சொல்லி, குளோப் அரங்கில் ரிச்சர்டு முடியிழந்த நாடகத்தைப் போடச் செய்தார்கள். பழைய நாடகம், கூட்டம் சேராதே என்று நடிகர்கள் தயங்கியதாக அவர்களில் ஒருவரான அகஸ்டின் பிலிப்ஸ் விசாரணையில் சொன்னார். மறுநாள், பிப்ரவரி 8-இல், எஸெக்ஸ் கலகத்தில் இறங்கித் தோற்றார். 25-ஆம் நாள் சிரச்சேதம். அதற்கு முந்திய நாள் மாலை அதே நாடகக் குழு ராணியின் அரண்மனையில் நடித்தது. நடிகர்களுக்குத் தண்டனை ஏதும் இல்லை.

யார்க் கிழவரிடம் திரும்புவோம். அவர் கடைசியாகப் பேசும் காட்சியை மறந்துவிட்டு இந்த வழக்கை முடிக்க முடியாது. நான்காம் ஹென்றி என்னும் பெயரில் அரசராகிவிட்ட பாலிங்புரோக்குக்கு விசுவாசமாக இருப்பதாக வாக்களித்துவிட்ட அவர், ஒருநாள் தம் மகன் ஆமெர்லின் மார்புச் சட்டைக்கு வெளியே ஒரு முத்திரை தொங்குவதைப் பார்த்துவிடுகிறார். பிடுங்கிப் படித்தால், நான்காம் ஹென்றியைக் கொல்லும் சதிக்குக் கையெழுத்திட்ட பத்திரம்! உடனே குதிரைச் சவாரிக்கான செருப்பைக் கொண்டுவா என்று வேலைக்காரனை நோக்கி முழங்குகிறார். அரசரிடம் ஓடிப்போய் மகனைக் காட்டிக்கொடுக்க வேண்டுமல்லவா? மனைவியோ வேலைக்காரனை விரட்டுகிறாள், இவன் உம் பிள்ளை அல்லவா, எனக்கு வேறு பிள்ளை உண்டா என்று கதறுகிறாள். கடைசியில் தகப்பன், மகன், தாய் மூவரும் தனித்தனியே விரைந்துபோய் அரசர் முன் மண்டியிட, ஒருவர் தண்டனை கேட்க, மற்ற இருவர் மன்னிப்புக் கேட்க, ஹென்றிக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. தகப்பன் உரிமை மகனைச் சேரவேண்டும் என்பதற்காக ஓர் அரசனை எதிர்த்து நின்ற மனிதர், இன்னோர் அரசனுக்காகத் தம் மகனின் தலையையே கேட்கிறார். கான்ட் நீதிபதியாக இருந்து அழுதார். இவருக்கு அழக்கூடத் தோன்றவில்லை. யார்க்கைப் போற்றும் நான் இந்த இடத்தில் அவரை மன்னிக்கத் தயங்குகிறேன். ஹென்றியோ மன்னித்துவிடுகிறார், ஆமெர்ல் 1415-இல் அஜின்கோர்ட் போர்க்களத்தில் ஹென்றியின் மகனுக்காகப் போரிட்டு மாண்டார்.

அரங்கில் கதறும் அந்தத் தாயைப் பற்றி ஒரு வார்த்தை. ஆமெர்லைப் பெற்ற இசபெல்லா 1392-லேயே இறந்துவிட்டாள். 1400-இல் யார்க்கின் வீட்டில் இருந்தவள் இளைய மனைவி. ஆமெர்ல் ஒரே பிள்ளையும் அன்று. அவருக்குக் கானிஸ்பரோ ரிச்சர்டு என்று தம்பி ஒருவர் உண்டு. அந்தத் தம்பியையும் ஷேக்ஸ்பியர், மார்ட்டிமர் சிறுவனை மறைத்ததைப் போலவே, நாடகத்திலிருந்து மறைத்துவிட்டார். சரித்திரமோ மறைக்கப்பட்ட இருவரையும் ஒன்று சேர்த்தது: கானிஸ்பரோ ரிச்சர்டு மணந்தது மார்ட்டிமரின் சகோதரியான ஆன் என்பவளை. அவர்களுடைய பேரன் நான்காம் எட்வர்டு, லங்காஸ்டர் வம்சத்திடமிருந்து பிடுங்கிய முடியை 1470-இல் இழந்து நாட்டைவிட்டு ஓடி, 1471 மார்ச்சு 14-ஆம் நாள் சிறு படையோடு திரும்பிவந்து இறங்கியது அதே ராவென்ஸ்பர் துறையில். எதிர்ப்பட்டவர்களிடம் அவர் சொன்னது, தம் தகப்பனாரின் யார்க் கோமகப் பட்டத்தையும் சொத்தையும் மட்டுமே கேட்க வந்திருக்கிறேன் என்பது. யார்க் நகரத்தார் அதை ஒப்புக்கொண்டு வாயிலைத் திறந்துவிட்டார்கள். இரண்டு மாதத்துக்குள் முடி மீண்டும் அவர் தலையில் இருந்தது. ராவென்ஸ்பர் துறை இப்போது இல்லை. பிற்காலத்தில் கடல் அதைக் கொண்டுபோய்விட்டது.